மட்டக்களப்புக்கு வருமுன் கேட்கும் கேள்விகள்

கல்லடியில் எங்கள் வீட்டு மேல்மாடியில் இரண்டு அறைகள் இருக்கின்றன. பிள்ளைகள் வெளிநாடு போன பிறகு அவற்றை வருகிறவர்களுக்கு வாடகைக்குக் கொடுக்கிறோம். யாழ்ப்பாணத்துக்காரர், கொழும்புக்காரர், தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள், கனடாவில் பிறந்த பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வரும் தாத்தாமார் என்று பலரும் வந்து தங்கியிருக்கிறார்கள். முன்கூட்டிக் கோல் எடுத்துக் கேட்கிற கேள்விகள் மட்டும் மாறுவதில்லை. சொல்லிச் சொல்லி வாய் வலித்துப்போய் எழுதி வைத்தது இது.

எத்தனை நாள் போதும்?

"பாசிக்குடாக் கடற்கரைக்குப் போகிற வழியில் ஒரு எட்டுப் பார்த்துவிட்டுப் போகலாமா?" என்று கேட்பவர்கள்தான் அதிகம். பார்க்கலாம். கோட்டை வாசலில் நின்று படம் எடுத்து, கல்லடிப் பாலத்தில் இன்னொரு படம் எடுத்து, ஒன்றரை மணித்தியாலத்தில் கிளம்பிவிடலாம். ஆனால் அப்படிப் போகிறவர்கள் பார்ப்பது கட்டடங்களை மட்டும்தான். இந்த ஊர் வாவி என்கிற பெரிய காயலைச் சுற்றிக் கட்டிய ஊர், வாவியோ விடியற்காலையிலும் இருட்டிய பிறகும்தான் வாய் திறக்கும். அதனால் இரண்டு இரவாவது தங்குங்கள். நண்பகலில் எதையும் வைக்காதீர்கள், தூங்குங்கள்.

எப்படி வருவது?

கொழும்புக் கோட்டையிலிருந்து ரெயில் உண்டு. உதயதேவி பகலில் ஓடும். மாகோ, கல்ஓயா சந்தி, பொலன்னறுவை, வெலிக்கந்தை, வாழைச்சேனை, ஏறாவூர் என்று வந்து சேரும். எட்டு ஒன்பது மணித்தியாலம் ஆகும். இரவுப் பயணத்தில் காட்டுப் பகுதியில் யானைக்காக வேகத்தைக் குறைப்பார்கள், அதற்கு ரெயிலைத் திட்டக்கூடாது. யாழ்ப்பாணத்திலிருந்தும் கொழும்பிலிருந்தும் இரவு பஸ்களும் ஓடுகின்றன. திருகோணமலையிலிருந்து வருகிறவர்கள் வாகரை வழியாகக் கரையோர வீதியில் வாருங்கள். முன்பு அந்த வழியில் துறைக்குத் துறை இறங்கி ஏற வேண்டும், இப்போது எல்லா இடத்திலும் பாலம் இருக்கிறது. பனிச்சங்கேணிப் பாலத்தில் வண்டியை நிறுத்திப் பத்து நிமிடம் நின்று பாருங்கள்.

எந்த மாதம் நல்லது?

மார்ச்சிலிருந்து செப்டெம்பர் வரை. நவம்பரிலிருந்து ஜனவரி வரை வாடை மழை, கடல் கொந்தளிக்கும், தோணி இறங்காது. 1978 நவம்பர் 23 சூறாவளி இந்த ஊரைப் புரட்டிப் போட்டதும் அந்தக் காலத்தில்தான். கார்த்திகை பிறந்தாலே எங்கள் ஊர்க் கிழவிகள் தென்னைமரத்தை அண்ணாந்து பார்ப்பது அதனால்தான். டிசம்பர் விடுமுறைக்கு வந்த ஒரு குடும்பம் எங்கள் மேல்மாடியில் மூன்று நாள் சீட்டு விளையாடிவிட்டுத் திரும்பிப் போனது.

மே தொடங்கி ஓகஸ்ட் வரை மேற்கிலிருந்து சூடான காற்று வீசும். அதற்குக் கச்சான் என்று பெயர். பாலத்தடியில் தாளில் சுற்றி விற்கிற நிலக்கடலைக்கும் எங்கள் பக்கத்தில் கச்சான் என்றுதான் பெயர். தமிழ்நாட்டு விருந்தாளி ஒருவர் "கச்சான் தொடங்கிவிட்டது, இனி உடம்பு தாங்காது" என்று நான் சொன்னதைக் கேட்டு, அப்படி என்ன கடலை அது என்று பயந்துவிட்டார்.

எழுவான்கரை, படுவான்கரை என்கிறார்களே, அது என்ன?

இதை விளங்கிக்கொண்டால் ஊர் பாதி விளங்கிவிடும். மட்டக்களப்பு வாவி வடக்குத் தெற்காக ஐம்பது கிலோமீற்றருக்கும் மேல் நீண்டு கிடக்கிறது. கடலுக்கும் வாவிக்கும் நடுவே உள்ள ஒடுங்கிய மணல் நிலம் சூரியன் எழும் பக்கம், அது எழுவான்கரை. வாவிக்கு மேற்கே வயலும் காடும் மாடும் உள்ள நிலம் சூரியன் படும் பக்கம், அது படுவான்கரை. மீனும் தேங்காயும் கடையும் பள்ளிக்கூடமும் இந்தக் கரையில். நெல்லும் தயிரும் தேனும் கூத்தும் அந்தக் கரையில். படுவான்கரையில் வயல்வெளியை வட்டை என்பார்கள், நிலக்காரர் போடியார். நகரத்தின் நடுப்பகுதி இரண்டு கரையிலும் சேராத ஒரு தீவு. அதன் பெயர் புளியந்தீவு. கோட்டை, பழைய கல்லூரிகள், தேவாலயங்கள் எல்லாம் அங்கேதான்.

வருகிறவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் எழுவான்கரையோடு திரும்பிவிடுகிறார்கள் என்பது என் மனக்குறை.

கோட்டையில் என்ன இருக்கிறது?

அளவில் சின்னது. தெற்கே காலி நகரத்துக் கோட்டையை நினைத்துக்கொண்டு வந்தால் ஏமாற்றம்தான். நான்கு மூலையிலும் கொத்தளம், இரண்டு பக்கம் வாவி, மற்ற இரண்டு பக்கம் அகழி. போர்த்துக்கீசர் 1628இல் கட்டினார்கள். பத்து வருடம்தான் அவர்களிடம் இருந்தது. 1638 மே 18ஆம் திகதி ஒல்லாந்தக் கடற்படைத் தலைவர் வெஸ்டர்வோல்ட் பிடித்தார். இலங்கையில் போர்த்துக்கீசரிடமிருந்து ஒல்லாந்தர் கைப்பற்றிய முதல் கோட்டை இதுதான். ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் பின்னிய எழுத்து முத்திரையை வாசலுக்கு மேலே இப்போதும் பார்க்கலாம்.

எனக்குக் கோட்டையைவிடப் பிடித்தது அது பிடிபட்ட பிறகு நடந்த கதை. ஐந்து நாள் கழித்து, மே 23ஆம் திகதி, கண்டி அரசர் இரண்டாம் இராஜசிங்கனும் வெஸ்டர்வோல்டும் மட்டக்களப்பில் உடன்படிக்கை செய்தார்கள். பிடித்த கோட்டைகளில் ஒல்லாந்தப் படை தங்குவது அரசர் விரும்பினால் மட்டுமே என்ற சொற்கள் அரசரிடம் இருந்த பிரதியில் இருந்தன. ஒல்லாந்தர் பிரதியில் அவை இல்லை. அதன் பிறகு கரையோரம் மெல்ல மெல்ல ஒல்லாந்தர் கைக்குப் போய், 1796இல் ஆங்கிலேயர் வரும்வரை அவர்களிடமே இருந்தது. "இஞ்சியைக் கொடுத்து மிளகாய் வாங்கியது போல" என்று சிங்களத்தில் ஒரு பழமொழி உண்டு. அது இந்தக் கொடுக்கல்வாங்கலைப் பற்றியதுதான் என்பார்கள்.

ஒல்லாந்தரின் முதல் வருகையும் இங்கேதான். கப்பல் தலைவர் ஸ்பில்பேர்கன் 1602 மே மாதக் கடைசியில் மட்டக்களப்புக் கடலில் நங்கூரம் போட்டு, பிறகு கண்டிக்குப் போய் அரசர் விமலதர்மசூரியனைச் சந்தித்தார். கோட்டைக்குள் பல காலம் கச்சேரி, அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகம், இயங்கியது. காணி உறுதிக்கும் ஓய்வூதியத்துக்கும் கொத்தளத்து நிழலில் வரிசையில் நின்ற தலைமுறை நாங்கள். மாலை நாலரை மணிக்கு வாவிப் பக்கச் சுவரைப் பாருங்கள். வெயில் சாய்ந்து கல்லில் படும், நீர்க்காகங்கள் வரிசையாகச் சிறகை விரித்துக் காய வைத்துக்கொண்டிருக்கும்.

மீன் உண்மையிலேயே பாடுமா?

முதல் கேள்வியாக இதைத்தான் கேட்பார்கள். நான்தான் இவ்வளவு தள்ளி வைத்தேன்.

சத்தம் உண்மை. பாடுவது மீனா என்பதில்தான் வழக்கு. "மீன் பாடும் தேனாடு" என்று ஊருக்குப் பெயர் வைத்துவிட்டோம், ஆனால் எங்கள் வாவி மீனவர்கள் காலம் காலமாகக் கை காட்டுவது ஊரியை. ஊரி என்பது சேற்றில் கிடக்கும் சுருள் ஓட்டு நத்தை. ஆங்கிலேயர் ஆட்சியில் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ற் 1848இல் இரவில் தோணியில் போய்க் கேட்டு எழுதி வைத்திருக்கிறார். மீட்டிய தந்தியின் மெல்லிய அதிர்வு போலவும், ஈர விரலால் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்த்தால் வரும் ஒலி போலவும் இருந்ததாம். தோணிப் பலகையில் காதை வைத்தால் கூடக் கேட்டதாம். அவருக்கும் தோணிக்காரர் காட்டியது ஊரியைத்தான். 1950களில் அமெரிக்க யேசுசபைக் குருவான லாங் அடிகளார் அதை ஒலிப்பதிவு செய்தார். நத்தை என்பாரும் உண்டு, சிலவகை மீன்கள் காற்றுப்பையை அதிரச் செய்து எழுப்பும் ஒலி என்பாரும் உண்டு, வழக்கு இன்னும் தீரவில்லை.

எப்படிக் கேட்பது என்று மட்டும் சொல்லலாம். மழை இல்லாத மாதம், பூரணையை ஒட்டிய இரவு, காற்று விழுந்த நேரம். பூரணை அன்று போயா விடுமுறை, அதனால் வீதியில் வாகனமும் குறைவு. என் மாமா வாவியில் வலை போட்டுப் பிழைத்தவர். எனக்குப் பத்துப் பதினொரு வயதிருக்கும்போது ஒரு நாள் பாலத்துக்குக் கொஞ்சம் தள்ளித் தோணியை நிறுத்தினார். "வாயை மூடு" என்றார். துடுப்பின் அலகைத் தண்ணீருக்குள் இறக்கி, மேல் நுனியை என் காதில் வைத்து அழுத்தினார். முதலில் தோணியில் தண்ணீர் தட்டும் சத்தம் மட்டும். பிறகு என் மூச்சு. அதன் பிறகு, எங்கோ அடியில், தம்புராவின் தடித்த தந்தியை யாரோ ஒரு விரலால் தொட்டுவிட்டு எடுத்தது போல ஒன்று. நின்றது. கொஞ்சம் தள்ளி இன்னொன்று. "கேட்டிச்சா மகன்?" என்றார். தலையாட்டினால் துடுப்பு அசைந்துவிடும் என்று பயந்து அசையாமல் இருந்தேன்.

இப்போது பாலத்தில் லொறி ஓடுகிறது, வாவியில் மோட்டார் படகு ஓடுகிறது. கேட்பது கடினம், ஆனால் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். "உறுதியாகக் கேட்க வைக்கிறோம்" என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். துடுப்பால் தள்ளும் தோணிக்காரர் ஒருவரைப் பிடித்து, பேசாமல் இருக்கக்கூடிய ஆட்களோடு மட்டும் போங்கள்.

இன்னொன்று. மீனவர்களிடம் "மீன்பாடு எப்படி?" என்று கேட்டால் அவர்கள் சொல்வது வலையில் பட்ட மீனின் கணக்கை. நிலாக் காலத்தில் மீன்பாடு குறைவு. பாட்டு நன்றாகக் கேட்கிற இரவுகளில் அவர்கள் கை வெறுங்கையாக இருக்கும்.

கல்லடிப் பாலம் எது, பழையதா புதியதா?

இரண்டும் பக்கத்தில் பக்கத்தில். இரும்புப் பாலம் பழையது, 1920களில் ஆங்கிலேயர் கட்டியது. ஆளுநர் வில்லியம் மன்னிங்கின் மனைவி பெயரால் லேடி மன்னிங் பாலம். வாகனத்துக்குப் புதுப் பாலம் வந்துவிட்டதால் பழையதில் நிம்மதியாக நிற்கலாம். மாலை ஆறு மணிக்கு ஊரே அங்கேதான் நிற்கும்.

மீன்பிடியைக் கிட்ட நின்று பார்க்க எங்கே போவது?

இரண்டு வகை இருக்கிறது, வாவியும் கடலும். இரண்டையும் ஒரே காலையில் பார்த்துவிடலாம்.

வாவிக்கு விடியுமுன் போங்கள். வீச்சுவலைக்காரர் இடுப்பளவு தண்ணீரில் நின்றபடி, வலையின் ஒரு ஓரத்தைப் பல்லில் கடித்துக்கொண்டு, உடம்பைத் திருப்பி வீசுவார். வலை வட்டமாக விரிந்து ஈயக் குண்டுகள் எல்லாம் ஒரே நேரத்தில் விழுந்தால் தேர்ந்த கை. ஒரு பக்கம் முந்தி விழுந்தால் அவரே தன்னைத் திட்டிக்கொள்வார். கரையோரமாக அத்தாங்கு என்ற கைவலையைத் தள்ளிக்கொண்டு போகிறவர்கள் கூனி பிடிக்கிறார்கள். கூனி நகக்கண் அளவு சின்ன இறால். உள்ளங்கையில் அள்ளினால் ஒரு கூட்டம் துள்ளும், வெயில் பட்டால் கண்ணாடித் துகள் போலத் தெரியும். வாவியில் படுவது திரளி, ஓரா, இறால், நண்டு.

கடற்கரைப் பக்கம் கரைவலை. கல்லடி, நாவலடி, பூநொச்சிமுனைக் கரைகளில் பார்க்கலாம். தோணி கயிற்றின் ஒரு முனையைக் கரையில் விட்டுவிட்டுக் கடலுக்குள் போகும், அரைவட்டமாக வலையை இறக்கிக்கொண்டு வந்து மறு முனையை இன்னொரு இடத்தில் சேர்க்கும். பிறகு இரண்டு கூட்டம் இரண்டு பக்கமும் நின்று இழுக்கும். இழுக்க இழுக்க இரு கூட்டமும் நெருங்கி வரும். நடுவில் உள்ள மடி கரையேறும்போதுதான் அன்றைக்குக் கீரியா, நெத்தலியா, பாரையா, வெறும் சொறி என்கிற ஜெல்லிமீனா என்று தெரியும். முன்பு அம்பா பாடி இழுப்பார்கள். ஒருவர் முதல் அடி சொல்ல, மற்றவர்கள் ஏலேலோ போட, கயிறு பாட்டுக்கு இசைந்து வரும். இப்போது சில இடங்களில் உழவு மெசினில் உருளை பூட்டி இழுக்கிறார்கள், மெசினுக்குப் பாட்டுத் தேவையில்லை. கையால் இழுக்கிற இடத்தில் நீங்களும் கயிறு பிடிக்கலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். பிடித்தால் கடைசிவரை பிடியுங்கள், படம் எடுத்ததும் விட்டுவிட்டுப் போகாதீர்கள். பங்காக ஒரு கை மீன் தந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். செருப்புக் காலோடு வலையில் ஏறாதீர்கள்.

வாவியிலும் கடலிலும் குளிக்கலாமா?

வாவியில் முதலை உண்டு. கல்லடிக் கடலில் அலை இழுக்கும். குளிக்க ஆசை என்றால் பாசிக்குடாவுக்குப் போங்கள்.

வெளிச்சவீடு போகத் தகுந்த இடமா?

போகலாம். பாலமீன்மடுவில், வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. 1913இல் கட்டிய வெள்ளை நிறக் கோபுரம். பிள்ளைகள் விளையாட இடம் உண்டு, கண்டல் மரங்களுக்கிடையே படகில் சுற்றலாம். ஞாயிற்றுக்கிழமை மாலை கூட்டம் தாங்காது. மழைகாலத்தில் வாவி நிரம்பி முகத்துவாரம் வெட்டித் திறந்த பிறகு போனால் மண் நிற வாவித் தண்ணீர் நீலக் கடலுக்குள் பாய்வதைக் கோடு போட்டது போலப் பார்க்கலாம்.

கோயில்களில் எதற்கு முதலிடம்?

நேரம் இல்லாதவர்கள் அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் கோயிலுக்குப் போங்கள், நகரத்துக்குப் பக்கம். பெயரில் ஈஸ்வரர் இருந்தாலும் ஊர்வாயில் மாமாங்கப் பிள்ளையார்தான். ஆடி அமாவாசைக்குத் தீர்த்தக் குளத்தில் தகப்பனை இழந்தவர்கள் முழுகுவார்கள், அன்று ஓட்டோ கிடைக்காது.

நேரம் இருந்தால் படுவான்கரைக்கு வாருங்கள். கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரர் கோயிலுக்கு மண்முனைப் பாலத்தால் போகலாம். கொக்கட்டி மரத்தை வெட்டியபோது இரத்தம் கசிந்தது, அடியில் இலிங்கம் தோன்றியது என்பது தல வரலாறு. எங்கள் பிள்ளைகளுக்குப் பிடித்தது கல் நந்தியின் கதை. கோயிலை இடிக்க வந்த போர்த்துக்கீசத் தளபதி, "இந்த மாடு புல் தின்னுமா?" என்று கேலியாகக் கேட்டானாம். கல் நந்தி எழும்பிப் புல்லையும் தின்று, சாணியும் போட்டதாம். தின்றது மட்டும் போதாது, சாணியும் போட்டால்தான் மாடு என்று நம்புகிற ஊர் இது, சும்மா மாடு வளர்க்கவில்லை.

மண்டூர் முருகன் கோயில் இன்னும் தெற்கே. சின்னக் கதிர்காமம் என்பார்கள். அங்கே மந்திரம் கேட்காது. பூசை செய்கிற கப்புகனார் வெள்ளைத் துணியால் வாயைக் கட்டிக்கொண்டு, ஒரு சொல் பேசாமல் பூசை செய்வார். ஆகமக் கோயில்களைப் பார்த்துப் பழகிய யாழ்ப்பாணத்துச் சனமும் தமிழ்நாட்டுச் சனமும் இதைப் பார்த்து வாயடைத்து நிற்பார்கள். கோயில் நிர்வாகத்தை வண்ணக்கர்மார் பார்ப்பார்கள், அந்த உரிமை குடி என்கிற குல வழியாக வருவது, குடியோ தாய்வழியாக வருவது.

வைகாசியில் வந்தால் கண்ணகை அம்மன் கோயில்களில் சடங்கு நடக்கும், கடைசி நாள் குளிர்த்தி. மதுரையை எரித்து வந்த அம்மனின் சூட்டைத் தணிப்பது அது. இரவு முழுவதும் விழித்திருக்க முடியுமானால் மட்டும் போங்கள். ஆண்கள் மேற்சட்டையைக் கழற்ற வேண்டிய கோயில்கள் பல, தோளில் ஒரு துண்டு இருக்கட்டும்.

மண்டூருக்குப் "பாதை"யில் போகச் சொன்னார்கள், எந்தப் பாதை?

பாதை என்றால் இங்கே ரோடு இல்லை. வாவியைக் கடக்கும் தட்டைப் படகு. ஆட்கள், மோட்டார் சைக்கிள், சில வேளை ஒரு மாடு எல்லாம் ஏறும். குருமண்வெளியிலிருந்து மண்டூருக்கும் குருக்கள்மடத்திலிருந்து அம்பிளாந்துறைக்கும் இப்படிக் கடந்த கூட்டங்கள் எத்தனையோ. எங்களிடம் தங்கிய கோயம்புத்தூர் அண்ணர் ஒருவர் குருமண்வெளித் துறையில் நின்று "பாதை எங்கேங்க?" என்று கேட்டிருக்கிறார். "பாதை இப்பதான் போகுது, கொஞ்சம் நில்லுங்க, மறுகா வரும்" என்றாராம் ஒருவர். போகிற பாதையை அன்றுதான் பார்த்தேன் என்று ஊருக்குப் போயும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

தேவாலயங்கள், பழைய பள்ளிக்கூடங்கள்?

புளியந்தீவில் நடந்தே பார்க்கலாம். காந்தி பூங்காவுக்குப் பக்கத்தில் வாவிக்கரையில் மட்டக்களப்பு வாசல் நிற்கிறது. படகில் வருகிறவர்கள் ஊருக்குள் கால் வைத்த துறை அது. பக்கத்திலே வில்லியம் ஓல்ட்டின் சிலை. 1814இல் வந்த மெதடிஸ்த மிஷனரி. ஒரு வருடம் முடியுமுன் 1815இல் இங்கேயே இறந்துபோனார், ஆனால் அவர் தொடங்கிய பள்ளிக்கூடம் மெதடிஸ்த மத்திய கல்லூரியாக இருநூறு வருடத்தைத் தாண்டிவிட்டது. புனித மிக்கேல் கல்லூரி 1873இல் தொடங்கியது, யேசுசபையார் வளர்த்தது. இந்த ஊரில் கூடைப்பந்து இவ்வளவு ஓடுவதற்கு அமெரிக்கக் குருமார்தான் காரணம்.

பறங்கியர் இன்னும் இருக்கிறார்களா?

இருக்கிறார்கள். போர்த்துக்கீசர் வழிவந்த குடும்பங்கள். தச்சு, இரும்பு வேலை, தையல் இவற்றில் பெயர் எடுத்தவர்கள். எங்கள் வீட்டு அலுமாரி அப்படி ஒரு கையால் ஆனது, ஐம்பது வருடத்தில் கதவு ஒரு நூல் இறங்கவில்லை. முதியவர்கள் வீட்டுக்குள் போர்த்துக்கீசக் கிரியோல் பேசுவார்கள். போர்த்துக்கீச ஆட்சி முடிந்து முந்நூற்று எண்பது வருடத்துக்கும் மேலாகியும் அந்தப் பேச்சு இங்கே உயிரோடு இருக்கிறது. கலியாண வீட்டில் வயலினும் கப்பிரிஞ்ஞா ஆட்டமும் உண்டு. அவர்களில் பலர் வாழ்ந்த டச்பார் கடலோரம், 2004இல் கடல் கொண்டுபோனது மிக அதிகம்.

விபுலாநந்த அடிகளின் சமாதி எங்கே?

கல்லடி உப்போடையில், இராமகிருஷ்ண மிஷனுக்கும் சிவானந்தா வித்தியாலயத்துக்கும் பக்கத்தில். அடிகள் 1892இல் காரைதீவில் பிறந்தவர், அது இப்போது அம்பாறை மாவட்டம். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் பிறகு இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் முதல் தமிழ்ப் பேராசிரியர். பழந்தமிழர் யாழைக் கணக்குப் போட்டு மீட்டெடுத்த யாழ்நூல் 1947இல் வெளிவந்தது, அதே வருடம் ஜூலையில் மறைந்தார். பாடும் மீன் ஊரில் வாழ்ந்தவர் சுருதிக் கணக்கில் இறங்கியதில் வியப்பில்லை என்பது என் தனிப்பட்ட கருத்து, ஆதாரம் கேட்காதீர்கள்.

காத்தான்குடிக்குப் போகலாமா?

எங்கள் பக்கத்து முஸ்லிம் ஊர் அது. ஏன் கேட்கிறீர்கள் என்று விளங்குகிறது. தாராளமாகப் போகலாம். நடு வீதியில் பேரீச்சை மரங்கள், இரண்டு பக்கமும் துணிக்கடை, முஸ்லிம்களின் பழைய வாழ்க்கையைக் காட்டும் பூர்வீக நூதனசாலை. வட்டிலப்பம் சாப்பிடாமல் திரும்பாதீர்கள். வெள்ளிக்கிழமை நண்பகலில் கடை பூட்டியிருக்கும்.

சுனாமியைப் பற்றியும் போரைப் பற்றியும் ஆட்களிடம் கேட்கலாமா?

அவர்களாகச் சொன்னால் கேளுங்கள். நீங்களாகத் தோண்டாதீர்கள்.

2004 டிசம்பர் 26ஆம் திகதி காலை, கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடந்த நாவலடியில் ஓடுவதற்குப் பக்கம் இருக்கவில்லை. முன்னாலும் தண்ணீர், பின்னாலும் தண்ணீர். கல்லடி திருச்செந்தூர் முருகன் கோயில் கோபுரம் அன்றைக்குச் சாய்ந்தது. நினைவுத் தூண்களில் பெயர்களை வாசியுங்கள், ஒரே குடும்பப் பெயர் கீழே கீழே வரும். அந்த இடத்தில் செல்ஃபி எடுத்தவர்களை நான் கண்டிருக்கிறேன்.

போரில் 1990 இரு சமூகத்துக்கும் கறுப்பு வருடம். ஓகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள், செப்டெம்பர் 9ஆம் திகதி சத்துருக்கொண்டானில் தமிழ்ச் சனங்கள் என்று படுகொலையானார்கள். இரண்டு இடத்திலும் நினைவிடம் இருக்கிறது. ஒன்றுக்குப் போனால் மற்றதற்கும் போங்கள். 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறன்று குண்டு வெடித்த சீயோன் தேவாலயமும் இந்த ஊரில்தான், அன்று இறந்தவர்களில் சின்னப் பிள்ளைகள் பலர்.

கடலுக்குள் மூழ்கிய கப்பலைப் பார்க்க முடியுமா?

ஹெர்மீஸ் என்ற ஆங்கிலேய விமானந்தாங்கிக் கப்பல். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்தன. 307 பேர் இறந்தார்கள். துணைக்கு வந்த அவுஸ்திரேலியக் கப்பல் வம்பயரும் அன்றே மூழ்கியது. கப்பல் கிடப்பது ஐம்பது மீற்றருக்கும் கீழே. ஆழச் சுழியோட்டத்தில் தேர்ந்தவர்களுக்கு மட்டும்தான் அது, அவர்களுக்கும் கடல் அமைதியான மாதங்களில்தான். கரையில் நின்று பார்க்க ஒன்றும் இல்லை.

பாசிக்குடா?

வடக்கே 35 கிலோமீற்றர் அளவில். நெடுந்தூரம் நடந்தாலும் இடுப்புக்கு மேல் தண்ணீர் வராது. பிள்ளைகளுக்கு நல்லது. பக்கத்துக் கல்குடா ஆள் குறைந்த கரை, எனக்கு அதுதான் பிடிக்கும்.

சாப்பாட்டுக்கு என்ன தேடுவது?

வாவி நண்டு, இறால், கூனிச் சுண்டல். கூனியைத் தேங்காய்ப்பூவோடு சுண்டி, சோற்றில் பிசைந்து சாப்பிட வேண்டும். இது கடையில் கிடைப்பது அரிது, தங்குகிற வீட்டில் முதல் நாளே சொல்லி வையுங்கள். தேங்காய்ப்பாலில் ஆக்கும் பாலாணம் இன்னொன்று. ஆணம் என்றால் குழம்பு. புளியாணம் என்று ஒருவர் சொன்னால் முகத்தைச் சுளிக்காதீர்கள், சோற்றில் ஊற்றிப் பாருங்கள். காலையில் பிட்டும் மீன் ஆணமும். சுற்றுலாக் கடைகளில் "மட்டக்களப்பு ஸ்பெஷல்" என்று எழுதிய நண்டு எங்கிருந்து வந்ததென்று நண்டுக்கே தெரியாது.

மட்டக்களப்புக்குப் போனால் பாயோடு ஒட்ட வைத்துவிடுவார்களாமே?

யாழ்ப்பாணத்து அம்மாமார் மகனை இங்கே வேலைக்கு அனுப்பும்போது சொல்லி அனுப்புவது இது. இங்கே மந்திரம் போட்டு, விருந்தாளியைப் படுத்த பாயோடு ஒட்ட வைத்துவிடுவோமாம். வாத்தியார் வேலைக்கும் கந்தோர் வேலைக்கும் வந்த பெடியன்கள் இங்கேயே கலியாணம் கட்டித் தங்கியதில் கிளம்பிய கதை. கலியாணத்தில் வீடு பெண்ணுக்குப் போகிற ஊரில், மாப்பிள்ளை மாமியார் வீட்டுப் பாயில் படுக்காமல் வேறு எங்கே படுப்பார்? என் தகப்பனாரும் அப்படி ஒட்டியவர்தான், வல்வெட்டித்துறைக்காரர். எங்கள் அறைகளில் கட்டில் போட்டிருக்கிறோம், பயப்பட வேண்டாம்.

தயிர்ச் சட்டியை ஊருக்குக் கொண்டுபோக முடியுமா?

முடியும். படுவான்கரை எருமைத் தயிர், மண் சட்டியில் உறைந்தது. கவிழ்த்தாலும் விழாது என்று விற்கிறவர் சொல்வார், அதை நம்பிக் கவிழ்த்துப் பார்க்காதீர்கள். கிளம்புகிற நாள் காலையில் வாங்குங்கள், முதல் நாள் வாங்கினால் கொழும்பு போய்ச் சேரும்போது புளித்திருக்கும். வாய்க்குக் கட்டிய தாளின் மேல் இன்னொரு துணியைக் கட்டி, ரெயிலில் மேல் தட்டில் வைக்காமல் காலடியில் வையுங்கள். தயிரில் ஊற்றும் கித்துள் பாணியைக் கொழும்பிலும் வாங்கலாம். சட்டியைக் கழுவி வைத்துக்கொள்ளுங்கள், மீன் குழம்பு ஆக்க நல்லது.